முட்டைகோஸ் மேல கேஸ் போடாதீங்க!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பகல்ல கணக்கு எழுதி, ராத்திரி பதிவு எழுதற ஆசாமி. வீட்டுல ஒரு பையனுக்கு இது வந்ததால, ஒரு வருஷத்துக்கு மேல கண்ணுல பட்டதை எல்லாம் படிச்சு, ரெண்டு நரம்பியல் டாக்டர்களை நச்சரிச்சு தெரிஞ்சுகிட்ட விஷயம். மருந்து மாத்திரைக்கு டாக்டர்கிட்ட போங்க. சண்டைக்கு மட்டும் இங்க வாங்க :-)

போன வாரம் மறுபடியும் அந்த வாட்ஸப் மெசேஜ் வந்தாச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. முட்டைகோஸை நறுக்கினா உள்ளே பச்சையா ஒரு புழு நெளியும். அடுத்து ஒரு மூளை ஸ்கேன் படம், ராத்திரி வானத்துல நட்சத்திரம் சிதறின மாதிரி புள்ளி புள்ளியா. கீழே, "இந்தப் புழு வேக வைச்சாலும் சாகாது, நேரா மூளைக்குப் போகும், உங்க குழந்தைகளைக் காப்பாத்துங்க"ன்னு ஒரு அலறல். எங்க குடும்ப குரூப்ல அத்தை ஒருத்தங்க இதைப் படிச்சுட்டு கோஸ் கூட்டையே நிறுத்திட்டாங்க. தெருவுல விக்கிற பானிபூரி மட்டும் வாரம் தவறாம நடக்குது. அதைப் பத்தி அப்புறம் வரேன்.

அந்த மெசேஜ்ல ஸ்கேன் படம் மட்டும்தான் நிஜம். நெளியற பச்சைப் புழு, கோஸ் பயிர்ல வர்ற வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழுவாவோ அந்த மாதிரி ஏதோ ஒண்ணாவோ இருக்கும். அதை நீங்க தெரியாம முழுங்கினா வயித்துல செரிச்சுப் போயிடும், அவ்ளோதான். ஸ்கேன்ல இருக்கறது வேற ஆள். பன்றி நாடாப்புழுவோட குட்டி. அதோட முட்டை கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு இருபத்தஞ்சு, முப்பது முட்டையை வரிசையா அடுக்கலாம், அவ்வளவு சின்னது. நல்லா வேக வைச்சா அதுவும் செத்துடும். ஆக கோஸ் கூட்டு குற்றவாளி இல்லை. சாக்கடைத் தண்ணி பாய்ச்சின தோட்டத்துல விளைஞ்ச எதையும் பச்சையா, சரியா கழுவாம சாப்பிட்டா வரலாம். அது கோஸா இருக்கலாம், கொத்தமல்லியா இருக்கலாம், பானிபூரிக்காரர் கையாவும் இருக்கலாம்.

இங்கதான் முக்கால்வாசி பேர் குழம்பறாங்க. படிச்சவங்க உட்பட. இந்தப் புழு மனுஷனுக்கு ரெண்டு விதமா வரும். ரெண்டும் வேற வேற வியாதி.

சரியா வேகாத பன்னிக்கறியை சாப்பிட்டா, அந்தக் கறிக்குள்ள இருக்கற குட்டிப் பை நம்ம குடல்ல போய் முழு நாடாப்புழுவா வளரும். மீட்டர் கணக்குல நீளம். ஆனா பெரும்பாலும் ஒரு தொல்லையும் பண்ணாது, அது இருக்கறதே அவருக்குத் தெரியாது. அதோட கடைசிக் கண்ணிகள் முட்டையோட கழண்டு மலத்துல வரும். ஒரு கண்ணிக்குள்ள ஆயிரக்கணக்கான முட்டை. இது முதல் வியாதி. இதுல மூளைக்கு எதுவும் போகலை.

இப்ப அந்த ஆள் கக்கூஸ் போயிட்டு கையை சோப்பு போட்டுக் கழுவலை. அதே கையால மாவு பிசையறார், சட்னி அரைக்கறார், தண்ணி மொண்டு குடுக்கறார். அந்த முட்டை இன்னொருத்தர் வாய்க்குள்ள போகுது. (அவர் வாய்க்கே போறதும் உண்டு.) அங்க முட்டை பொரிஞ்சு, குட்டி குடல் சுவத்தைத் துளைச்சு ரத்தத்துல ஏறி, தசை, கண், மூளைன்னு எங்க வேணா போய் உட்காரும். ரெண்டு மூணு மாசத்துல ஒரு சின்ன தண்ணிப் பை ஆயிடும். இதுதான் ரெண்டாவது வியாதி. வலிப்பைக் கொண்டு வர்றது இதுதான்.

சுருக்கமா, பன்னிக்கறி சாப்பிட்டா வயித்துல புழு. அடுத்தவர் மலம் சாப்பிட்டா மூளைல புழு. கேக்க அசிங்கமாத்தான் இருக்கும், ஆனா இப்படிச் சொன்னாதான் மண்டைல ஏறுது. முதல் பாதியை 1855-லயே ஜெர்மன் டாக்டர் கூக்கன்மைஸ்டர் நிரூபிச்சிட்டார். எப்படின்னு கேக்காதீங்க. சரி கேளுங்க: மரண தண்டனைக் கைதிக்கு அவர் அறியாம புழுப்பை இருக்கற கறியைக் குடுத்து, தண்டனை நிறைவேறினப்புறம் குடலை அறுத்துப் பாத்தார். புழு இருந்தது. இன்னிக்கு இதைப் பண்ணினா அவரை ஜெயில்ல போடுவாங்க.

ரெண்டாவது பாதிக்கு இதைவிட நல்ல உதாரணம் நியூயார்க்ல இருக்கு. பன்னியைத் தொடவே தொடாத ஆசார யூதர்கள் நாலு பேருக்கு, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாதவங்க, மூளைல பன்னிப்புழு. டாக்டர்களுக்கே தலை சுத்திடுச்சு. தேடிப் பாத்தா வழி வீட்டு வேலைக்கு வந்தவங்க மூலமா வந்திருக்கு. பன்னி நாடாப்புழு நிறைய இருக்கற லத்தீன் அமெரிக்க நாடுகள்ல இருந்து வந்தவங்க அவங்க. 1992-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல இது வந்தது. அதனால "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு வராது"ங்கறவங்க கொஞ்சம் உக்காருங்க.

ஒண்ணு இங்கயே சொல்லிடணும். இதைப் படிச்சுட்டு யாராவது வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவை நாளைக்கு நிறுத்தினீங்கன்னா நான் எழுதினதே பாவம். அந்த நாடாப்புழுவுக்கு மருந்து இருக்கு, பொதுவா ஒரே தடவை குடுத்தா போதும், டாக்டர் பாத்துக் குடுப்பார். வீட்டுல ஒருத்தருக்கு மூளைல இது வந்தா, வீட்டுல எல்லாரும், சமைக்கறவங்களும் சேர்த்து, மலப் பரிசோதனை பண்ணிக்கணும். இருந்தா மருந்து குடுக்கணும். வேலையை விட்டு நிறுத்தினா அவங்க அடுத்த வீட்டுக்கு அதே புழுவோட போவாங்க. அது நியாயமும் இல்லை, வைத்தியமும் இல்லை.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வரேன். வந்துடுச்சு. எப்படிக் கண்டுபிடிக்கறது? என் கோபம் எல்லாம் இங்கதான்.

கை கால்ல முள்ளு குத்தினா பிடுங்கிப் பாக்கலாம். மூளைக்குள்ள ஒரு கடலை அளவு பை இருந்தா என்ன பண்றது? அந்தக் காலத்துல ஒண்ணும் பண்ண முடியலை. இந்தியாவுல வேலை பாத்துட்டு ஊருக்குத் திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு திடீர்னு வலிப்பு வந்தது. காரணமில்லாத வலிப்புன்னும் மனநோய்ன்னும் பட்டம் கட்டினாங்க. 1930-கள்ல மக்கார்தர்ங்கற ராணுவ டாக்டர்தான் தோலுக்கடியில தட்டுப்படற சின்ன உருண்டைகளை அறுத்துப் பாத்து, இது புழுன்னு அடிச்சுச் சொன்னார். தொடையை எக்ஸ்-ரே எடுத்தா சதைக்குள்ள அரிசி மணி மாதிரி வெள்ளை வெள்ளையா தெரியும், சுண்ணாம்பு படிஞ்சு செத்த புழு. 1961-ல 450 பேரைத் தொகுத்து ஒரு பெரிய அறிக்கையே வந்தது. நிறைய பேருக்கு தொற்று வந்து பல வருஷம் கழிச்சுத்தான் முதல் வலிப்பு. அப்ப கண்டுபிடிப்பே தொடையைப் பாத்து மூளையை ஊகிக்கறதுதான்!

ஏன் அவ்வளவு தாமதம்னா, உயிரோட இருக்கற புழு சமர்த்து. நம்ம எதிர்ப்பு சக்தி கண்ணுல மண்ணைத் தூவிட்டு சத்தமில்லாம இருக்கும். அது சாக ஆரம்பிக்கும்போதுதான் உடம்பு முழிச்சுக்கிட்டு சண்டைக்குப் போகும், சுத்தி வீங்கும், அந்த இடத்து நரம்பு எகிறும், வலிப்பு வரும். அதாவது வலிப்பு வந்தப்ப புழு பெரும்பாலும் போற வழியில இருக்கு. இதை ஞாபகம் வைங்க, கீழே தேவைப்படும். அமெரிக்காவுல ராபர்ட் கென்னடி ஜூனியர், ஒரு புழு தன் மூளையில ஒரு பகுதியைத் தின்னுட்டு செத்துப் போச்சுன்னு 2012-ல வாக்குமூலம் குடுத்தது 2024-ல செய்தியாச்சு. அவருக்கு என்ன புழுவோ, இந்தப் புழு எதையும் கடிச்சுத் தின்னாது. வெறும் பை. நம்ம உடம்பு போடற சண்டைதான் பிரச்சினை.

சி.டி. ஸ்கேன் வந்ததும் எல்லாம் தெளிவாயிடும்னு நினைச்சாங்க. 1980-கள்ல நம்ம நாட்டுல வலிப்பு வந்தவங்களை ஸ்கேன் எடுத்தா, நிறைய பேருக்கு ஒரே ஒரு சின்ன வட்டம். மோதிரம் மாதிரி, நடுவுல கருப்பு, சுத்தி வெள்ளை விளிம்பு. இது என்ன? இந்தியாவாச்சே, டி.பி.யா இருக்கும்னு முடிவு கட்டினாங்க. மூளைல காசநோய்க் கட்டி. டி.பி. மருந்து மாசக்கணக்குல. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்தா வட்டத்தைக் காணோம்! பாத்தீங்களா, டி.பி. மருந்து கேட்டிருச்சு, ஆக இது டி.பி.தான்.

காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. ஏன்னா மருந்தே குடுக்காம விட்டவங்களுக்கும் அந்த வட்டம் காணாமப் போச்சு.

இதை உடைச்சது நம்ம வேலூர். சி.எம்.சி.யில மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் இவங்க எல்லாம் சேர்ந்து, அந்தச் சின்ன வட்டங்களை ஆபரேஷன் பண்ணி எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தாங்க. டி.பி. இருக்கும்னு ஊரே நினைச்ச இடத்துல நாடாப்புழுக் குட்டி. 1989-ல லான்செட்ல எழுதினாங்க. அதோட நிக்கலை. ஒவ்வொருத்தர் மண்டையையும் திறந்து பாத்துட்டு இருக்க முடியாதே, திறக்காமயே எப்படிச் சொல்றதுன்னு அளவுகோல் போட்டாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இப்படி: வலிப்புதான் முதல் அறிகுறியா இருக்கணும். ஸ்கேன்ல ஒரே ஒரு கட்டி, 20 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. சுத்தி வீக்கம் இருக்கலாம், ஆனா மூளையோட நடுக்கோட்டையே தள்ளற அளவுக்கு இருக்கக் கூடாது. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறின அடையாளம் இருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிட்டே போகக் கூடாது, உடம்புல வேற எங்கயும் டி.பி.யோ புத்துநோயோ இருக்கக் கூடாது. இத்தனையும் சரியா இருந்தா அது புழுன்னு வெச்சுக்கலாம், பொறுத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம்.

இதுல என்ன பெரிசுன்னு கேக்கலாம். லேசர், ரோபோன்னு எதுவும் இல்லை. ஒரு டேப், நாலு கேள்வி, கொஞ்சம் பொறுமை. தேவையில்லாத டி.பி. மருந்துல இருந்தும், தேவையில்லாத மண்டை ஆபரேஷன்ல இருந்தும் எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கும் யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல இருந்து உலகத்துக்குப் போன வைத்தியத்துல இது ஒண்ணு. இதுக்கு எவனும் கட்அவுட் வைக்கலை.

இப்ப எங்க வீட்டுக் கதை. சித்தப்பா பையன். அப்ப அவனுக்கு 19, பாலிடெக்னிக் கடைசி வருஷம். ஒரு நாள் காலைல பல் தேய்க்கும்போது வலது கை தன்னால இழுக்க ஆரம்பிச்சு, முகம் ஒரு பக்கம் கோணி, அப்படியே விழுந்துட்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கைல இரும்புச் சாவியைத் திணிச்சார். அது என்னமோ நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் வலிப்புக்குன்னே ஒரு சாவி இருக்கும் போல. சாவியும் நிக்கலை, வலிப்பு அதுவா ரெண்டு நிமிஷத்துல நின்னுது.

ஸ்கேன் எடுத்தாங்க. அதே மோதிரம், இடது பக்கம், ஒரு சென்டிமீட்டர் சுத்து. பேர் வேண்டாம், முதல்ல பாத்த டாக்டர் ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடிச்சு மூணு நிமிஷத்துல, "டி.பி. கட்டி, ஒண்ணரை வருஷம் மாத்திரை"ன்னு எழுதிக் குடுத்துட்டார். சளி பாக்கலை, நெஞ்சு எக்ஸ்-ரே பாக்கலை, வீட்டுல யாருக்காவது டி.பி. இருக்கான்னு கேக்கலை. பையன் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு பயந்தான், அது மருந்தோட நிறம்தான்னு மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஆறாவது வாரம் கண்ணும் மஞ்சளாச்சு. அது மருந்தோட நிறம் இல்லை, காமாலை. அந்த மருந்துகள்ல பாதிக்கு மேல ஈரலைப் பதம் பாக்கக் கூடியது.

மருந்தை நிறுத்தி வேற ஊர்ல வேற ஒரு நரம்பியல் டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். அவங்க முதல் காரியமா பழைய ஃபிலிமை லைட்டுல வெச்சு ஸ்கேல் எடுத்து அளந்தாங்க. அப்புறம் முக்கால் மணி நேரம் கேள்வி. அப்புறம் கண் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாங்க. அதுல வட்டத்துக்குள்ள ஓரமா ஒரு சின்னப் புள்ளி. "இதான் அதோட தலை. புள்ளி தெரிஞ்சா சந்தேகமே இல்லை"ன்னாங்க. அந்தப் புள்ளி தெரிஞ்சா போதும், வேற சாட்சி வேண்டாம்னு உலக அளவுல ஒத்துக்கிட்ட விதியே இருக்காம். எக்வடார் டாக்டர் டெல் புரூட்டோவும் கூட்டாளிகளும் 1996-ல போட்டு, 2001-லயும் 2017-லயும் திருத்தின விதி.

சித்திக்குத்தான் தாங்கலை. "நம்ம வீட்டுல முட்டையே உடைச்சது கெடையாது டாக்டர், இவனுக்கு எப்படி பன்னிப் புழு?"ன்னு கேட்டாங்க. கேள்வில பாதி அவனைப் பாத்து. ஹாஸ்டல்ல போய் என்னத்தைத் தின்னானோன்னு சந்தேகம். டாக்டரம்மா சிரிக்கலை. "இவன் பன்னி சாப்பிடலைம்மா. எங்கயோ யாரோ ஒருத்தர் கை கழுவலை. அது ஹோட்டலா, ஹாஸ்டலா, கல்யாண வீடா, அது உங்களுக்கும் தெரியப் போறதில்லை, எனக்கும் தெரியப் போறதில்லை"ன்னாங்க. அந்தப் பையன் முகம் அப்பதான் தெளிஞ்சுது. ரெண்டு மாசமா அவன்கிட்ட யாரும் சரியா பேசலைங்கறது எனக்கே அன்னிக்குத்தான் உறைச்சுது.

ரத்தப் பரிசோதனை பண்ணினா தெரியாதான்னு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன். இருக்கு. மூளைல நிறைய பை இருக்கறவங்களுக்கு அது பிரமாதமா வேலை செய்யும். ஆனா ஒரே ஒரு பை இருக்கறவங்களுக்கு நிறைய பேருக்கு நெகட்டிவ் வரும். நம்ம நாட்டுல அதிகமா பாக்கறதே இந்த ஒத்தைப் பைதான்! மலப் பரிசோதனையும் அப்படித்தான். மூளைல பை இருக்கற பலருக்கு குடல்ல புழு இருக்காது, ஏன்னா அவர் முழுங்கினது முட்டை, கறி இல்லை. அதனால "பிளட் டெஸ்ட் நெகட்டிவ், மோஷன் டெஸ்ட் நெகட்டிவ், ஆகவே புழு இல்லை"ன்னு யாராவது முடிவு கட்டினா ஒத்துக்காதீங்க. இந்த வியாதியோட சாட்சி ஃபிலிம்லதான் இருக்கு.

சரி, புழுதானே, புழு மாத்திரை முழுங்கினா முடிஞ்சுதான்னா, அதுவும் இல்லை. மருந்துக்கடைல ஒரு அல்பெண்டசோல் வாங்கிப் போட்டுக்கற விஷயம் கிடையாது இது. மேலே சொன்னேனே, புழு சாகும்போதுதான் வீக்கம் வருதுன்னு. மருந்து குடுத்து மொத்தமா சாகடிச்சா மொத்தமா வீங்கும். அதனாலதான் கூடவே ஸ்டீராய்டு குடுக்கறாங்க. மூளை முழுக்க பை இருந்து ஏற்கனவே வீங்கிக் கெடந்தா புழு மருந்தே குடுக்கக் கூடாது. ஃபரிதாபாத்ல ஒரு 18 வயசுப் பையன் கேஸ் 2019-ல அதே நியூ இங்கிலாந்து இதழ்ல வந்தது. மூளை பூரா பை, கண்ல பை, விரைல பை. புழு மருந்து குடுத்தா கண்ணும் மூளையும் வீங்கிடும்னு குடுக்க முடியலை. வலிப்பு மருந்தும் ஸ்டீராய்டும் குடுத்தும் ரெண்டு வாரத்துல போயிட்டான். செத்து சுண்ணாம்பாகிப் போன பைக்கும் புழு மருந்து தேவையில்லை, செத்தவனைச் சாகடிச்சு என்ன லாபம். வலிப்புக்கு மட்டும்தான் மருந்து.

கண் டாக்டர்கிட்ட எதுக்கு அனுப்பினாங்கன்னும் இப்ப புரிஞ்சிருக்கும். கண்ணுக்குள்ள ஒரு பை ஒளிஞ்சிருந்து, அது தெரியாம மாத்திரை குடுத்தா, அது சாகற வேகத்துல பார்வையே போகலாம். பத்து நிமிஷப் பரிசோதனை. இதைப் பண்ணாம மாத்திரை எழுதற டாக்டரை நான் நம்ப மாட்டேன்.

கண்ணைப் பத்தி இன்னொரு விஷயம். கண்ணை அசைக்கற சதைக்குள்ள இது போய் உட்காரும். ஒரு கண் சிவந்து, முன்னாடி துருத்திக்கிட்டு, ஒண்ணு ரெண்டா தெரியும். மெட்ராஸ் ஐன்னு சொட்டு மருந்து ஊத்திட்டு இருப்பாங்க. மூடின கண் இமை மேல அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாத்தா பை தெரியும், உள்ளே புழுத்தலை தெரியும். கர்ப்பிணிக்குப் பாக்கற மாதிரி அவ்ளோ சுலபமான பரிசோதனை, எம்.ஆர்.ஐ. செலவெல்லாம் இல்லை. சதைல இருந்தா மாத்திரைலயே சரியாகும், கண்ணுக்குள்ளயே இருந்தா ஆபரேஷன்.

கான்பெராவுல ஒரு அம்மா மூளைல இருந்து எட்டு சென்டிமீட்டர் உயிரோட புழுவை 2022-ல எடுத்தாங்களே, 2023-ல உலகமே பேசுச்சே, அது மலைப்பாம்புப் புழு. மனுஷனுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதுக்கு எத்தனை தலைப்புச் செய்தி! நம்ம பன்னிப்புழுவுக்கு ஒரு வரி வராது. உலக சுகாதார நிறுவனம், இந்தப் புழு புழங்கற இடங்கள்ல வலிப்பு நோய்க்காரங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம்ங்குது. வேலூர் மாவட்டத்துல வீடு வீடா போய் எடுத்த கணக்கும், 2006-ல வந்தது, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குன்னுதான் சொல்லுது. பக்கத்து மாவட்டம் சாமி! ஆஸ்திரேலியா இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய ஆதங்கம் வேற. வலிப்புன்னதும் வீட்டுல ஜன்னலைச் சாத்தறோம். இந்து திருமணச் சட்டத்துல வலிப்பு நோய் இருந்தா கல்யாணத்தையே செல்லாதுன்னு சொல்ல வழி இருந்தது. 1999-ல அந்த வார்த்தையை எடுத்தாச்சு. சட்டம் எடுத்துடுச்சு, தரகர் எடுக்கலை. அதனால மறைக்கறாங்க, மறைக்கறதால ஒழுங்கா ஸ்கேன் எடுக்கலை, கோயில் கோயிலா சுத்தறாங்க. (சுத்துங்க, நானும் சுத்தினேன், ஸ்கேனையும் எடுத்துட்டுச் சுத்துங்க.) காரணம் கண்டுபிடிச்சாத்தானே, "இது பரம்பரை வியாதி இல்லை, ஒரு கிருமி, பை கரைஞ்சு போனா டாக்டர் மாத்திரையைக் குறைச்சு நிறுத்தவும் வாய்ப்பு இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு வீட்டுல சொல்ல முடியும்? சரியான கண்டுபிடிப்பு ஒரு ஆளோட பேரைக் காப்பாத்தும். சுண்ணாம்பு படிஞ்சு தங்கிடறவங்களுக்கு வலிப்பு திரும்ப வர வாய்ப்பு அதிகம், அவங்க மாத்திரையை ரொம்ப நாள் விட முடியாது. அதையும் ஸ்கேன்தான் சொல்லணும்.

அடுத்தது பன்னி வளக்கறவங்க. இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் அவங்களைத்தான் கைகாட்டறாங்க, அதுக்குள்ள இருக்கற ஜாதி உள்குத்தும் எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு கேக்கறேன். பன்னிக்கு இது எங்க இருந்து வந்தது? மனுஷ மலத்துல இருந்து. முழுசா வளந்த இந்த நாடாப்புழு குடியிருக்கற இடம் மனுஷக் குடல் மட்டும்தான். பன்னி நமக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நாமதான் பன்னிக்குக் குடுத்தோம். மூடின கக்கூசும் ஒழுங்கான சாக்கடையும் இருந்தா பன்னிக்கும் வராது, நமக்கும் வராது. பன்னிக்குப் போடற தடுப்பூசியே இருக்கு. மெல்போர்ன்ல கண்டுபிடிச்சு, ஹைதராபாத்ல ஒரு கம்பெனி தயாரிக்குது. கோமாரிக்கு மாட்டுக்கு ஊசி போடற மாதிரி இதையும் ஏன் போடக் கூடாதுன்னு யாராவது சட்டசபைல கேட்டா நல்லா இருக்கும்.

உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கு இப்படி ஒரு வட்டம் ஸ்கேன்ல வந்தா டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதைச் சொல்லிடறேன். எத்தனை மில்லிமீட்டர்? ஒண்ணா, பலதா? உள்ளே புள்ளி தெரியுதா? டி.பி.ன்னா, உடம்புல வேற எங்க ஆதாரம்? கண் பாத்தாச்சா? அடுத்த ஸ்கேன் எப்ப? கேட்டா கோவிச்சுக்கற டாக்டர்னா வேற டாக்டரைப் பாருங்க. அதுக்காக, காய்ச்சலும் வாந்தியும் தலைவலியுமா மண்டை வெடிக்கிற ஆளை வெச்சுக்கிட்டு "பொறுத்திருந்து பாக்கலாம்னு பதிவுல படிச்சேன்"னு உக்காந்துடாதீங்க. அந்தப் பொறுமை எல்லாம் மேல சொன்ன அளவுகோலுக்குள்ள வர்றவங்களுக்கு மட்டும்.

அப்புறம், முதல் ஸ்கேன் ஃபிலிமையும் சி.டி.யையும் பத்திரமா வைங்க. வட்டம் சின்னதாச்சா பெரிசாச்சான்னு ஆறு மாசம் கழிச்சு ஒப்பிட அது இல்லாம முடியாது. எங்க சித்தப்பா, தரகர் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அதை அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, வெச்ச இடத்தையும் மறந்துட்டார். ரெண்டு நாள் வீட்டையே புரட்டிப் போட்டுத்தான் எடுத்தோம்.